ஈகோ வேனுக்குக் கழட்டின ஏர்பேக் வாங்கலாமா?

கோத்தகிரியில் ஹோம்ஸ்டே நடத்தும் தம்பி ஒருவர் கேட்டது இது. அவருடையது மாருதி ஈகோ, ஐந்து சீட், 2022 மே மாதம் பதிவு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது குஞ்சப்பனைக்கு மேலே மூடுபனியில் தடுப்புச் சுவரில் முட்டிவிட்டது. ஆளுக்கு அடி இல்லை, ஆனால் ஸ்டியரிங் ஏர்பேக், டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கான இடது பக்க ஏர்பேக் இரண்டும் வெடித்துவிட்டன. சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டைப் பார்த்துத் தலை சுற்றியிருக்கிறது. கோயம்புத்தூர் புரோக்கர் ஒருவர், "கழட்டின செட் இருக்கு, ரெண்டு பேக், டேஷ்போர்டு, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்துப் பாதி விலைக்கும் கீழே தர்றேன், எந்த ஈகோவுக்கும் சேரும்" என்கிறாராம். வாங்கலாமா என்பது கேள்வி.

தம்பி, முதலில் ஆட்கள் தப்பியதில் சந்தோஷம். குன்னூரில் இருபத்தாறு வருடமாக வண்டி எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். கழட்டின சாமானுக்கு நான் எதிரி இல்லை. என் ஷெட்டில் ஆல்டர்னேட்டர், வைப்பர் மோட்டார், ஹெட்லைட் என்று பாதி பழசுதான் ஓடுகிறது. ஆனால் அந்த புரோக்கர் சொன்னதில் "எந்த ஈகோவுக்கும் சேரும்" என்ற ஒரு வார்த்தை போதும், நான் அங்கேயே திரும்பிவிடுவேன்.

ஈகோ 2010-இல் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே டப்பாதான், அதனால் எல்லாம் ஒன்று என்று சொல்ல வசதியாக இருக்கிறது. ஏர்பேக் கணக்கில் பார்த்தால் அது ஒரே வண்டி இல்லை. 2019 ஜூலை 1 முதல் புதிய கார் எல்லாவற்றுக்கும் டிரைவர் ஏர்பேக் கட்டாயம் என்று விதி வந்தபோது ஸ்டியரிங்கில் ஒன்று வந்தது. பிறகு இடது பக்கத்துக்கும் கட்டாயம் என்றார்கள். ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2021 ஆகஸ்ட் 31 வரை கெடு கொடுத்து, அதையும் டிசம்பர் 31 வரை தள்ளினார்கள். மாருதி 2021 நவம்பர் கடைசியில் சரக்கு ஈகோ தவிர மற்றவற்றில் இடது ஏர்பேக்கைச் சேர்த்து, விலையில் 8,000 ரூபாய் ஏற்றியது. சரியாக ஒரு வருடம் கழித்து 2022 நவம்பரில் இன்ஜின், மீட்டர், ஸ்டியரிங் எல்லாம் மாறிய ஈகோ வந்துவிட்டது. 2025-இல் ஆறு ஏர்பேக்.

உங்கள் வண்டி எங்கே நிற்கிறது பாருங்கள். இரண்டு ஏர்பேக், ஆனால் பழைய ஸ்டியரிங். இந்தக் கூட்டு ஏறத்தாழ ஒரே ஒரு வருடம்தான் உற்பத்தியில் இருந்தது. 2020 ஈகோவின் ஸ்டியரிங் பேக் பார்வைக்கு உங்களுடையது மாதிரியே இருக்கும். ஆனால் அந்த வண்டியில் பையை வெடிக்க வைக்கும் ஏர்பேக் கம்ப்யூட்டருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. 2023 வண்டியிலிருந்து எடுத்தால் ஸ்டியரிங்கே வேறு. பதிவு மாதத்தை வைத்து முடிவு செய்வதும் தப்பு. ஷோரூமில் நான்கு மாதம் நின்ற வண்டியும் உண்டு. பார்க்க வேண்டியது தயாரித்த மாதமும் சேசிஸ் நம்பரும்.

அதைவிட நிச்சயமான வழி பார்ட் நம்பர். சுசுகி பார்ட் நம்பரின் கடைசியில் ஒரு கோடு போட்டுச் சின்னதாக ஒரு துண்டு இருக்கும். அது பெரும்பாலும் நிறத்துக்கானது. அதற்கு முன்னால் உள்ளது முழுவதும் அப்படியே ஒத்துப்போக வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் வேண்டாம். சில நேரம் பழைய நம்பரை கம்பெனியே நிறுத்தி, அதற்குப் பதில் வேறு நம்பர் கொடுத்திருக்கும். அதை டீலரின் பார்ட்ஸ் கவுண்டரில் சேசிஸ் நம்பரைச் சொன்னால் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வார்கள். கடைக்காரர் வாயால் சொல்வதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போல்ட் உட்கார்ந்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பையின் அளவு, அதன் முதுகில் உள்ள காற்றோட்டை, மடித்த விதம், கேஸ் வரும் வேகம் எல்லாம் அந்த வண்டியின் மூக்கு எவ்வளவு நீளம், ஸ்டியரிங்குக்கும் நெஞ்சுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்து வைத்தவை. டிரைவர் பை நிரம்பினால் சுமார் 60 லிட்டர். இடது பக்கம் 100 லிட்டருக்கு மேல். இவ்வளவும் 30 முதல் 50 மில்லி செகண்டில் நடக்கிறது. கண் இமைக்கவே அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆகும். ஈகோ மூக்கு குட்டை. இதில் அரை இமைப்பு பிந்தினால் அந்தப் பை உங்களைத் தாங்காது, ஏற்கெனவே ஸ்டியரிங்கில் மோதிய முகத்தை அறையும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பழைய சாமான் கடைக்குப் போய் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. மூன்று நான்கு வருடமே ஆன வேன், ஏர்பேக் வெடிக்காமல், ஏன் உடைப்புக்கு, அதாவது பிரித்துச் சாமானாக விற்கும் இடத்துக்கு, வந்தது?

யோசித்துப் பாருங்கள். வயதாகி வந்த வண்டி இல்லை. முன்பக்கம் பலமாக மோதியிருந்தால் பை வெடித்திருக்கும். அப்படியானால் பின்னால் லாரி இடித்திருக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் அடி, அல்லது உருண்டிருக்க வேண்டும். முன்பக்க ஏர்பேக் உருளும்போது பெரும்பாலும் வெடிக்காது. நம் கல்லட்டி மலைப்பாதையில் உருண்ட வண்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இது எதுவும் இல்லையென்றால் மிச்சம் மூன்று: தீ, திருட்டு, தண்ணீர்.

பின்னால் இடி வாங்கிய வண்டியின் ஏர்பேக் நல்லதாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒத்துக்கொள்கிறேன். எனக்குப் பயம் தண்ணீர் மேல்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது, அதே மாதம் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. உங்கள் பேட்ச் வண்டிகளுக்கு அப்போது ஒரு வயதோ இரண்டு வயதோ. வெள்ளத்தில் முழுகி இன்சூரன்ஸ் முழு நஷ்டம் என்று எழுதிய வண்டிகள் ஏலத்துக்குப் போகும், ஏலத்திலிருந்து உடைப்புக்குப் போகும், உடைப்பிலிருந்து சாமான் எங்கே வேண்டுமானாலும் போகும். வெயிலில் நாலு நாள் காய்ந்தால் பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும்.

போன வருடம் அக்கா மகனோடு கோயம்புத்தூர் போயிருந்தேன். அவனுக்கும் இதே தேவை, வண்டிதான் வேறு. கடை பெயர் வேண்டாம். பையன் உள்ளே போய் ஒரு கோணிச் சாக்கைக் கொண்டுவந்து மேஜைமேல் தலைகீழாகக் கொட்டினான். நான்கு ஸ்டியரிங் பேக் உருண்டு விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒவ்வொன்றுக்குள்ளும் இருப்பது வெடிமருந்து, இவன் தேங்காய் கொட்டுகிற மாதிரி கொட்டுகிறான். கடைக்காரர் அதில் ஒன்றை எடுத்துத் துடைத்து நீட்டினார். பின்பக்கம் திருப்பினேன். மஞ்சள் வயரை இரண்டு அங்குலம் விட்டுக் கட்டிங் பிளேயரால் நறுக்கியிருந்தார்கள். லேபிள் இருந்த இடத்தில் பசை மட்டும். போல்ட் துளைக்குள் ஊசியை விட்டுக் கிளறினேன், மாவு மாதிரி மெல்லிய வண்டல் வந்தது. மூக்கருகில் கொண்டுபோனால் குளத்துச் சேறு வாசம். "மழையில நனைஞ்சிருக்கும்ணே" என்றார். டேஷ்போர்டுக்குள் எந்த மழையய்யா பெய்கிறது?

அந்த நறுக்கிய வயர் ஏன் எனக்கு அவ்வளவு பெரிய விஷயம் என்றால், ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டருக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் பட்டை இருக்கும். கனெக்டரைக் கழட்டியதும் அது இரண்டு பின்னையும் தானாக ஒன்றோடொன்று சேர்த்துவிடும். வெளியிலிருந்து ஒரு பொறி வந்தாலும் உள்ளே இருக்கும் திரிக்குப் போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அந்தத் திரியை ஸ்க்விப் என்பார்கள், சுமார் 2 ஓம் ரெசிஸ்டன்ஸ் உள்ள சின்னக் கம்பி, தீக்குச்சித் தலை மாதிரி. வயரை நறுக்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. அதை வாங்கிவந்து வயரை முறுக்கி டேப் சுற்றுவார்கள். நம் ஊர்ப் பனியில் அந்த முறுக்கு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது, பச்சையேறிவிடும்.

பழைய ஏர்பேக்கைப் பற்றிப் பேசினால் டகாட்டா கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜப்பான் கம்பெனி. அம்மோனியம் நைட்ரேட்டை மருந்தாக வைத்து, பையை ஊதும் இன்ஃப்ளேட்டர் செய்தார்கள். வருடக்கணக்கில் ஈரமும், சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டதில் மருந்து உதிர்ந்து, மோதும்போது அளவுக்கு மீறி வெடித்து, இரும்புக் கூடே சிதறி ஓட்டுபவர் கழுத்தில் பாய்ந்தது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், 2017 ஜூனில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. இந்தியாவிலும் ஹோண்டா, டொயோட்டா போன்ற கம்பெனிகள் மாற்றிக் கொடுத்தன. அமெரிக்காவில் லாஸ் வேகாஸில் 2017-இல் ஒரு இளம்பெண்ணுக்கு நேர்ந்ததுதான் நம் விஷயத்துக்கு நேரானது. அவள் ஓட்டியது 2002 மாடல் கார். முந்தைய விபத்துக்குப் பிறகு யாரோ அதில் 2001 காரிலிருந்து கழட்டிய டகாட்டா பையை மாட்டியிருக்கிறார்கள். அவளுக்கோ வீட்டாருக்கோ அது தெரியாது. சின்ன மோதலில் துண்டு கழுத்தில் பாய்ந்தது.

உங்கள் ஈகோவில் டகாட்டா இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கு மற்றவர்கள் வைக்கும் மருந்து வேறு. சொல்ல வருவது, இந்தப் பொருள் எங்கே வாழ்ந்தது என்பது முக்கியம். ஆல்டர்னேட்டர் கெட்டால் பேட்டரி லைட் எரியும், மாற்றிக்கொள்ளலாம். ஏர்பேக் நல்லதா கெட்டதா என்று வெடிக்க வைக்காமல் சோதிக்க வழியில்லை, வெடிக்க வைத்தால் பை காலி.

டூப்ளிகேட்டும் இருக்கிறது. 2024 ஏப்ரலில் தில்லி போலீஸ் போலி ஏர்பேக் செய்த கும்பலைப் பிடித்து 900-க்கும் மேல் பறிமுதல் செய்தது, பல கம்பெனிப் பெயரிலும் இருந்தது. சில போலிகளில் மேல்மூடி மட்டும் அச்சு அசலாக இருக்கும், உள்ளே துணியும் பஞ்சும். சிலவற்றில் வெடித்த பையையே மடித்து உள்ளே திணித்து மூடியை ஒட்டியிருப்பார்கள். கையில் வைத்துப் பார்த்தால் ஒரிஜினலுக்கு ஒரு கனம் இருக்கும், மூடியின் உட்பக்கம் கிழிவதற்கென்று கோடு போட்டிருக்கும். ஒட்டு வேலையில் அந்தக் கோடு வழியே பசை தெரியும், மூக்கில் ஃபெவிபாண்ட் அடிக்கும்.

அப்படிப் போலி மாட்டினால் டேஷ்போர்டில் ஏர்பேக் லைட் எரியுமே என்று நினைப்பீர்கள். அதற்கும் ஆள் இருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கட்டபெட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வேன் கொண்டுவந்தார், ஹாரன் அடிக்கவில்லை என்று. நல்ல மழை, ஷெட் தகரத்தில் பேச்சே கேட்கவில்லை. ஸ்டியரிங் மூடியைத் திறந்தேன். மஞ்சள் கனெக்டர் ஒன்றோடும் இணையாமல் தொங்கிக்கொண்டிருந்தது, அதன் வாயில் கறுப்பு டேப் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தால் கடுகு டப்பாவில் போடும் கிராம்பு அளவுக்கு ஒரு ரெசிஸ்டர். 2 ஓம். கம்ப்யூட்டர் ஸ்க்விப் இருக்கிறதா என்று ரெசிஸ்டன்ஸைத்தான் பார்க்கும். இந்த ஒரு ரூபாய்ச் சாமானைப் பார்த்து எல்லாம் சரி என்று லைட்டை அணைத்துவிட்டது. பெரியவர் அந்த வண்டியைப் பழசாக வாங்கி மூன்று வருடம் தினமும் பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். மூடிக்குள் பையே இல்லை. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம், "ஹாரனை மட்டும் இப்ப சரி பண்ணிக் குடுப்பா, மத்ததை மாசக் கடைசியில பாக்கலாம்" என்றார்.

அதனால் வேலை முடிந்ததும் லைட் அணைந்தது என்று மட்டும் பார்க்காதீர்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் லைட் சில விநாடி எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான், பல்பைப் பிடுங்கியிருப்பார்கள் அல்லது வேறு லைட்டோடு வயரைச் சேர்த்திருப்பார்கள்.

சரி, என் முடிவு என்ன? வெடிமருந்து உள்ளதை மட்டும் புதிதாக வாங்குங்கள், மற்றதைப் பழசில் மிச்சம் பிடியுங்கள். எஸ்டிமேட்டில் ஏர்பேக் இரண்டு வரிதான். இடது பை வெடிக்கும்போது டேஷ்போர்டு கிழியும், மூடி மேலே அடித்து முன் கண்ணாடியும் விரிசல் விட்டிருக்கும். பம்பர், கிரில், ஹெட்லைட், ரேடியேட்டர், ஸ்டியரிங் சக்கரம் என்று நீளும். டேஷ்போர்டு கழட்டினது வாங்கலாம், ஆனால் இடது பை வெடித்துத் தைத்து ஒட்டியதாக இருக்கக் கூடாது. அப்படி ஒட்டினது திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது, அல்லது துண்டாகப் பறக்கும். மேலே கை வைத்துத் தடவினால் மேடு தட்டும், உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெட்லைட், பம்பர், கிரில் எல்லாம் தாராளமாகப் பழசு. கண்ணாடி புதிது போடுங்கள், ஒட்டுவது நல்ல ஆளாக இருக்கட்டும். இடது பை விரியும்போது கண்ணாடியில் சாய்ந்துதான் நிற்கிறது.

ஏர்பேக் கம்ப்யூட்டர் பற்றி. பெரும்பாலான வண்டிகளில் நடுவில் தரையோடு போல்ட் போட்ட சின்ன அலுமினியப் பெட்டி. மோதலை அது தன் நினைவில் பூட்டி வைத்துக்கொள்ளும். "அழிச்சுக் குடுக்கிறேன், ஆயிரம் ரெண்டாயிரம் போதும்" என்பவர்கள் கோயம்புத்தூரில் தெருவுக்குத் தெரு. அழிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் மோதலை அளக்கும் சென்சாரும் ஒரு அடி வாங்கியிருக்கிறது, கம்பெனி மாற்றச் சொல்கிறது, நான் கம்பெனி பக்கம். பழைய கம்ப்யூட்டர் வாங்கினால் இரண்டு பை வண்டியினுடையதாக இருக்க வேண்டும், அதே பார்ட் நம்பர், மோதல் பதிவு இல்லாதது. வண்டிக் கம்ப்யூட்டரில் பதிந்ததைப் படிக்கும் ஸ்கேனரில் மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் கிளாக் ஸ்பிரிங் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் வேறு பெயர் சொல்வார்கள். கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருண்ட நாடா, ஸ்டியரிங் சுற்றினாலும் வயர் அறுந்துவிடாமல் பைக்கும் ஹாரனுக்கும் கரண்ட் கொடுப்பது அதுதான். பை வெடித்த சூட்டில் அது கெட்டிருக்கும், புதிது போடுங்கள். பழசு வேண்டவே வேண்டாம். மலை வண்டியில் இது சமவெளி வண்டியைவிடச் சீக்கிரம் தேய்கிறது என்பது என் அனுபவம். நாள் முழுக்கக் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்து ஒடித்துத் திருப்பினால் தேயாமல் என்ன செய்யும்? மாட்டும்போது சக்கரம் நேராக நிற்க வேண்டும், நாடாவை நடுவில் வைத்துத்தான் பூட்ட வேண்டும். ஒரு பக்கம் அதிகமாகச் சுற்றி மாட்டினால் முதல் கொண்டை ஊசியிலேயே அறுந்துவிடும்.

முன் சீட் பெல்ட்டையும் பாருங்கள். பெல்ட் சுருளும் இடத்தில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அதற்குள்ளும் ஒரு வெடி இருக்கிறது, மோதும்போது பெல்ட்டைச் சட்டென்று இழுத்துப் பிடிப்பது. வெடித்திருந்தால் பெல்ட் இழுத்தால் வராது, இழுத்தது உள்ளே போகாது. அதுவும் புதிதுதான். பெல்ட் இல்லாத ஏர்பேக் பாதி வேலைகூடச் செய்யாது. நம் டிரைவர்கள் பர்லியாறு செக்போஸ்ட் தாண்டியதும் பெல்ட்டைக் கழட்டுகிறார்கள், அதை என்னவென்று சொல்வது.

இன்சூரன்ஸைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்தால், "கிளெய்ம் போனால் பாதிதான் தருவான்" என்று யாரோ சொன்னதை நம்பி விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. முழுவதற்கும் பாதி இல்லை. சாதாரண முழுக் காப்பீட்டில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பேட்டரி, ஏர்பேக் இவற்றுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவே இல்லை. இரும்புச் சாமானுக்கு வண்டி வயதைப் பொறுத்துக் கழிவு: மூன்று வருடம் தாண்டி நான்குக்குள் என்றால் 25 சதவீதம், நான்கு தாண்டி ஐந்துக்குள் 35. பம்பர் டு பம்பர் என்ற கூடுதல் காப்பீடு எடுத்திருந்தால் இந்தக் கழிவும் பெரும்பாலும் வராது. பாலிசித் தாளை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள், பலர் பிரீமியம் கட்டிவிட்டு எடுத்ததையே மறந்துவிடுகிறார்கள். கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் போகுமே என்ற கவலை இருந்தால், அது சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும்தான் கழிவு, மூன்றாம் நபர் பிரீமியத்தில் இல்லை. இரண்டு ஏர்பேக், கம்ப்யூட்டர், கண்ணாடி என்று வரும்போது அந்தப் போனஸ் சின்ன காசு. ஒன்று மட்டும்: இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்க்கும் முன்னால் எதையும் கழட்டாதீர்கள். கழட்டின சாமானுக்குப் பில் இல்லாமல் கிளெய்மும் இல்லை. எஸ்டிமேட் வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டமாக எடுத்துக்கொள்வார்கள், அதையும் மனத்தில் வைத்துப் பேசுங்கள்.

பாலிசி மூன்றாம் நபருக்கு மட்டும்தான், கையில் காசும் இல்லை, பழசுதான் கதி என்றால், கடைக்குப் போகாதீர்கள், வண்டிக்குப் போங்கள். இன்னும் கழட்டாத வண்டியாக இருக்க வேண்டும். பின்னால் அடிபட்டதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பேட்டரி மாட்டச் சொல்லிச் சாவியைத் திருப்பி லைட் எரிந்து அணைகிறதா பாருங்கள், ஸ்கேனர் போடுங்கள். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். வெள்ளத்து வண்டியை இது காட்டிக்கொடுத்துவிடும், சீட்டுத் துணியைக் கழுவுகிறவர்கள் சுருட்டிய பெல்ட்டைக் கழுவுவதில்லை. கார்பெட்டைத் தூக்கிப் போல்ட் துருவைப் பாருங்கள். சேசிஸ் நம்பர் போட்ட பில் வாங்குங்கள், திருட்டு வண்டியாக இருந்தால் பிறகு ஸ்டேஷனுக்கு நடக்கப்போவது நீங்கள். இத்தனையும் சரியாக வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன். உங்கள் பேட்ச்சில் அப்படி ஒரு வண்டி கிடைப்பது குறிஞ்சி பூக்கிற கதைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கழட்டும் ஆள் பேட்டரி நெகடிவ்வைப் பிடுங்கிவிட்டுக் குறைந்தது பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மோதலில் பேட்டரி அறுந்தாலும் பை வெடிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குள் கொஞ்சம் கரண்ட் சேமித்து வைத்திருக்கும், அது வடிய நேரம் வேண்டும். மல்டிமீட்டரை ஏர்பேக் பின்னில் வைக்கவே கூடாது, மீட்டர் விடும் கரண்டே அதை வெடிக்க வைத்துவிடலாம். நம் ஊரில் டிசம்பர், ஜனவரியில் காற்று வறண்டு ஸ்வெட்டர் கழட்டினால் பட்பட்டென்று பொறி பறக்கும் அல்லவா, அந்த மாதங்களில் பையைத் தொடும் முன் வண்டியின் வெறும் இரும்பை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள். கீழே வைத்தால் மூடி மேலே பார்த்தபடி வையுங்கள். குப்புற வைத்து வெடித்தால் அந்த இரும்பு கூரைக்குப் போகும். கொரியரில் அனுப்பச் சொல்லாதீர்கள், அபாயப் பொருள் பட்டியலில் உள்ளது. மலையேறும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டும் வரவேண்டாம்.

டிங்கரிங் முடிந்ததும் முன்பக்க சென்சார் உட்காரும் பட்டை நேராக இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். காட்டெருமைக்குப் பயந்து முன்னால் இரும்பு கார்டு மாட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதை மாட்டுகிறவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது, மோதலின் வேகத்தை அது சென்சாருக்குத் தப்பாகச் சொல்லும். அப்புறம் நீங்கள் அனுப்பிய படத்தில் இடது டேஷ்போர்டு மேல் பிள்ளையார் ஒட்டியிருந்த பசைத் தடம் தெரிகிறது. பிள்ளையார் எங்கே போய் விழுந்தார் என்று தேடிப்பார்த்தீர்களா? அவர் உட்கார்ந்திருந்தது சரியாகப் பை கிழித்து வரும் மூடி மேல். இந்த முறை நடுவில் வையுங்கள்.

வேலைக்கு வருவதானால் செவ்வாய்க்கிழமை தவிர எந்த நாளும் வாருங்கள், ஸ்கேனர் என்னிடமே இருக்கிறது. வெடித்துத் தொங்கும் பைகளை நறுக்கி எறிந்துவிடாதீர்கள், அப்படியே வையுங்கள். பின்பக்கம் லேபிள் இன்னும் இருக்கும், நமக்கு வேண்டிய நம்பர் அதில்தான் இருக்கிறது.